மயக்க ஊசியின் இரண்டாவது வேலை

பனமரத்துப்பட்டியில் அரளித் தோட்டத்து வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறித்து, வெயில் ஏறுமுன் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். பெற்றவர்கள் தோட்டத்தில் இருக்கும் அந்த நேரத்தில் பிள்ளை திண்ணையிலிருந்து விழுந்து முழங்கையை ஒடித்துக்கொண்டால், முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், அப்புறம் 108, அப்புறம் சேலம் ஜி.எச். அங்கே எலும்பைச் சேர்ப்பதற்கு முன் பிள்ளைக்குப் போடுகிற ஊசி கெட்டமைனாக இருக்கக்கூடும். அரசு மருத்துவமனைகளுக்கு அவ்வளவு பழகிய மருந்து அது. 'மயக்க ஊசி போடப் போறோம்' என்று மட்டும் சொல்வார்கள். எந்த ஊசி என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டிருந்தால் ஒரு சுவாரசியமான கதை கிடைத்திருக்கும். அதே மருந்தை, அதைவிடக் குறைந்த அளவில், நாற்பது நிமிடம் டிரிப்ஸில் ஏற்றினால் தீவிர மனச்சோர்வு சில மணி நேரத்தில் விலகுகிறதா என்று உலகின் பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் 25 ஆண்டுகளாகச் சோதித்து வருகின்றன. சில சோதனைகள் ஆமாம் என்கின்றன, சில இல்லை என்கின்றன. தனியார் கிளினிக்குகளோ எந்த முடிவுக்கும் காத்திருக்காமல் கடை விரித்துவிட்டன. மருந்து நம்மிடம் இருக்கிறது, நோயாளிகளும் இருக்கிறார்கள். இரண்டையும் முறையாகச் சேர்த்துப் பார்க்கும் பெரிய சோதனைதான் நம் பக்கம் நடந்த பாடில்லை.

சிறையில் போட்ட முதல் ஊசி

1950களில் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் நிறுவனம் பென்சைக்ளிடின் என்ற மயக்க மருந்தைச் சோதித்தது. வலி தெரியவில்லை, மூச்சும் நிற்கவில்லை. ஆனால் விழித்தெழுந்தவர்கள் பல மணி நேரம் பிதற்றினார்கள், சிலர் முரண்டு பிடித்தார்கள். அதே குடும்பத்தில் சீக்கிரம் தெளிகிற ஒன்று வேண்டும் என்று தேடியபோது, வேதியியலாளர் கால்வின் ஸ்டீவன்ஸ் 1962ல் ஒன்றைச் செய்து கொடுத்தார். அப்போது அதற்குப் பெயர் இல்லை, சி.ஐ.-581 என்ற எண் மட்டும்தான்.

1964 ஆகஸ்ட் 3 அன்று அது முதன்முதலாக மனித உடலுக்குள் போனது. இடம் மிச்சிகன் மாநிலத்து ஜாக்சன் சிறை. சோதனைக்கு உட்பட்டவர்கள் கைதிகள். எட்வர்ட் டோமினோ, குந்தர் கார்சன் என்ற இரு மருத்துவர்கள் நடத்தினார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் கண்ணைத் திறந்தபடியே கிடந்தார்கள். கை கால் இல்லாதது போலவும், அந்தரத்தில் மிதப்பது போலவும் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். உடம்பிலிருந்து மனம் கழன்று நிற்கிற இந்த நிலைக்கு என்ன பெயர் வைப்பது என்று டோமினோ குழம்பியபோது, வழி சொன்னவர் அவருடைய மனைவி டோனி. 'பிரிநிலை மயக்கம்' என்ற பொருளில் அவர் சொன்ன பெயர்தான் இன்றைய பாடப்புத்தகங்களிலும் இருக்கிறது.

சிறைக்கம்பிக்குப் பின்னால் இருப்பவரின் சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம் என்று அன்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. இன்று அப்படியொரு சோதனைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் கையெழுத்துப் போடாது. ஆனாலும் அந்த மருந்து உலகம் முழுக்க எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. இந்த முரணை எந்தப் பக்கமும் தீர்த்துவிட எனக்குத் தெரியவில்லை.

1970ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் மருந்து நேராக வியட்நாம் போர்க்களத்துக்குப் போனது. காரணம் எளிது. மற்ற மயக்க மருந்துகள் மூச்சை அடக்கும், ரத்த அழுத்தத்தை இறக்கும். பக்கத்தில் ஆக்ஸிஜனும் கருவியும் பழகிய ஆளும் வேண்டும். கெட்டமைன் கொடுத்த நோயாளி பெரும்பாலும் தானே மூச்சு விடுவார், ரத்த அழுத்தம் இறங்காமல் சற்று ஏறும். எச்சில் அதிகம் சுரக்கும், தெளியும்போது கெட்ட கனவு வரும். அவற்றுக்கு வேறு மருந்து சேர்த்துக் கொடுத்துச் சமாளிக்கலாம். கரண்ட் போனாலும் அறுவை சிகிச்சையை முடித்துவிடலாம் என்ற தைரியத்தைச் சிறிய ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்தது இதுதான். 1985ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியப் பட்டியலிலும் இருக்கிறது.

வேலூரில் 70 தாய்மார்கள்

தமிழ்நாட்டில் நடந்த கெட்டமைன் சோதனைகளில் என்னை மிகவும் கவர்ந்தது மனநலம் பற்றியதல்ல, பிரசவ வலி பற்றியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் குழு நடத்தி, 2014ல் வெளியிட்ட ஆய்வு அது.

பிரசவ வலிக்கு இன்று சிறந்த வழி எபிடியூரல், அதாவது முதுகுத்தண்டருகே நுண்குழாய் வைத்து மருந்து செலுத்துவது. அதற்கு மயக்க மருத்துவர் கூடவே இருக்க வேண்டும், கருவி வேண்டும், பணமும் வேண்டும். மாவட்ட மருத்துவமனைப் பிரசவ வார்டில் இது எல்லோருக்கும் நடக்கிற காரியமில்லை. நம் வார்டுகளில் வலிக்கு மருந்தைவிட 'பொறுத்துக்கோ கண்ணு' என்ற சொல்லே அதிகம் கிடைக்கிறது. சாதாரண டிரிப்ஸில் மிகச் சிறிதளவு கெட்டமைன் கலந்தால் வலி தணியுமா என்பதுதான் வேலூர்க்காரர்கள் கேட்ட கேள்வி.

70 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கெட்டமைனை முதல் அரை மணி நேரத்தில் ஏற்றினார்கள். பிறகு அதே அளவை மணிக்கு மணி, குழந்தை பிறக்கும்வரை. மறு பகுதியினருக்கு வெறும் சலைன். யாருக்கு எது போகிறது என்பது தாய்க்கும் தெரியாது, வலியைக் கணக்கெடுப்பவருக்கும் தெரியாது. வலி தாங்க முடியாதவர்களுக்கு இரண்டு பக்கமும் வேறு வலி ஊசி தயாராக இருந்தது. முதல் ஒரு மணி நேரம் கழிந்தபின், கெட்டமைன் பெற்ற பெண்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு வலி குறைந்திருந்தது. தாயின் ரத்த அழுத்தத்திலும் குழந்தையின் இதயத்துடிப்பிலும் கவலைப்படும்படி மாற்றமில்லை. 17 பேருக்குக் கொஞ்ச நேரம் தலை கிறுகிறுத்தது. பிறந்த குழந்தைகள் எல்லாம் தாய்ப்பால் குடித்தன.

கேள்வி நம் வார்டிலிருந்து எழுந்தது, விடையை நம் கையில் இருக்கிற மருந்தில் தேடினார்கள். ஆய்வு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் 70 பேர் போதாது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றில் வருகிற பக்கவிளைவை 70 பேர் கொண்ட சோதனை அநேகமாகக் காட்டாது. அடுத்த படியாக ஏழாயிரம் பேரிடம் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த அடுத்த படிதான் நம்மிடம் வருவதே இல்லை. மருத்துவக் கல்லூரிகளின் மயக்கவியல் துறையில் பி.ஜி. படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு தீசிஸ் எழுதியாக வேண்டும். அவற்றில் கெட்டமைன் அடிக்கடி வரும் பெயர். அறுவை சிகிச்சைக்குமுன் பிள்ளையின் அழுகையை அடக்க வாய்வழியாகக் கொடுத்துப் பார்ப்பது, தொண்டையில் குழாய் விட்டு எடுத்தபின் வரும் புண்ணுக்குக் கொப்பளிக்கவோ ஆவியாக இழுக்கவோ கொடுப்பது, முதுகில் போடும் மருந்தோடு கலப்பது என்று தலைப்புகள் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொன்றிலும் அறுபது எழுபது நோயாளிகள் இருப்பார்கள். பரீட்சை முடிந்ததும் தீசிஸ் நூலக அலமாரிக்குப் போய்விடும். மூன்று வருடம் கழித்து வேறொரு கல்லூரியில் வேறொரு மாணவர் கிட்டத்தட்ட அதே கேள்வியை முதலிலிருந்து கேட்பார். உழைப்பிலோ அறிவிலோ குறையில்லை. சேர்த்துக் கட்ட ஆளில்லை.

ஏழு பேரில் தொடங்கி

இனி மனச்சோர்வுக் கதை. இதன் தொடக்கம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். 2000ல் ராபர்ட் பெர்மன், ஜான் கிரிஸ்டல் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில் முழுதாகப் பங்கேற்ற நோயாளிகள் ஏழே பேர். கிலோவுக்கு அரை மில்லிகிராம் கெட்டமைனை 40 நிமிடத்தில் ஏற்றினார்கள். சில மணி நேரத்திலேயே சோர்வு இறங்கத் தொடங்கியது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு வாரமோ நான்கு வாரமோ ஆகும் என்று பழகிப்போயிருந்த மருத்துவ உலகம் இதை முதலில் நம்பவில்லை. 2006ல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் கார்லோஸ் ஜராட்டே குழு, பல மருந்துக்கும் அடங்காத நோயாளிகளிடம் செய்து பார்த்தது. கெட்டமைன் ஏற்றிக்கொண்ட 17 பேரில் 71 சதவீதத்தினர் மறுநாளே தெளிவாக முன்னேறியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பழைய மாத்திரைகள் செரட்டோனின் போன்ற வேதிப்பொருள்களைச் சார்ந்தவை. கெட்டமைனின் பாதை வேறு. மூளை செல்கள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்ற பொருளின் ஒரு வாசலை அது அடைக்கிறது. அதன் தொடர்ச்சியாக, வாடிப்போன நரம்பிணைப்புகள் மறுபடி துளிர்க்கின்றன என்று 2010ல் யேலில் ரொனால்ட் டூமன் குழு எலிகளில் காட்டியது. மனிதரிலும் அப்படியேதானா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

இந்தச் சோதனைகளில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. ஆய்வு நேர்மையாக நடக்க வேண்டுமானால், தனக்கு ஏறுவது மருந்தா சலைனா என்று நோயாளிக்குத் தெரியக்கூடாது. கெட்டமைன் ஏறினால் தலை மிதக்கும், சுவர் நெளியும், நேரம் நீளும். ஒருவருக்குக் கள்ளும் இன்னொருவருக்கு மோரும் கொடுத்துவிட்டு, எது யாருக்கு என்பது அவர்களுக்கே தெரியாது என்று சொன்னால் எப்படி? இதற்காகத்தான் 2013ல் ஜேம்ஸ் மர்ரோ குழு 73 நோயாளிகளில் சலைனுக்குப் பதில் தூக்கம் தரும் மிடசோலத்தை ஒப்பீட்டுக்கு வைத்தது. அப்போதும் 24 மணி நேரத்தில் முன்னேறியவர்கள் கெட்டமைன் பக்கம் 64 சதவீதம், மிடசோலம் பக்கம் 28.

பிறகு ஸ்டான்ஃபோர்டில் ஒரு குறும்புத்தனமான சோதனை நடந்தது. மனச்சோர்வு உள்ள 40 பேர் வேறு ஏதோ அறுவை சிகிச்சைக்காக முழு மயக்கத்தில் இருக்கும்போது, பாதிப் பேருக்குக் கெட்டமைன், பாதிப் பேருக்குச் சலைன் ஏற்றினார்கள். தூங்குகிறவருக்குத் தலை மிதப்பது எப்படித் தெரியும்? 2023ல் வெளியான முடிவின்படி, இரண்டு பக்கமும் ஒரேபோலத் தேறினார்கள். தனக்குக் கிடைத்தது கெட்டமைன்தான் என்று நம்பியவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். 2025ல் அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரிக் குழு, உள்நோயாளிகளுக்கு வாரம் இருமுறை ஏற்றி மிடசோலத்தோடு ஒப்பிட்டு, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றது.

அப்படியானால் எல்லாம் நம்பிக்கைதானா? நான் அப்படி நினைக்கவில்லை. நம்பிக்கைக்கு ஒரு பங்கு இருக்கிறது. மருந்துக்கு எவ்வளவு என்பதைச் சிறு சிறு சோதனைகளால் பிரித்தறிய முடியாது.

பாதி மூலக்கூறின் விலை

கெட்டமைன் மூலக்கூறு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்களின் கலவை. பழைய மருந்துக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அதனால் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் ஒரு வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்து, எஸ்கெட்டமைன் என்று மூக்கில் தெளிக்கும் மருந்தாக்கியது. 2019 மார்ச்சில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அப்போது ஒரு முறைக்கு விலை 590 முதல் 885 டாலர். தெளித்துக்கொண்டபின் குறைந்தது இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருந்தாக வேண்டும்.

நம் மருத்துவமனையில் இருக்கும் 10 மில்லி குப்பியைப் பாருங்கள். மில்லிக்கு 50 மில்லிகிராம் என்றால் மொத்தம் 500. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு மனச்சோர்வுச் சோதனையில் ஒரு முறைக்கு வேண்டியது 25. கணக்குப்படி ஒரு குப்பியில் இருபது பேருக்கான மருந்து இருக்கிறது. இந்தக் குப்பியைச் சோதிக்க எந்தக் கம்பெனியும் கோடிகளைக் கொட்டாது. கொட்டினால் திரும்பி வராது. ஆகவே இதைச் செய்ய வேண்டியது அரசுப் பணம்தான்.

செய்த நாடுகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் கோலீன் லூ தலைமையில், பழைய கெட்டமைனையே தோலுக்கடியில் வாரம் இருமுறை நான்கு வாரம் போட்டார்கள். நோயாளிக்கு ஏற்ப அளவைக் கூட்டிய பிரிவில் 19.6 சதவீதத்தினர் நோய்க்குறியே இல்லாத நிலைக்கு வந்தார்கள். ஒப்பீட்டுப் பிரிவில் 2 சதவீதம் மட்டுமே. அமெரிக்காவில் அமித் ஆனந்த் தலைமையிலான குழு 403 நோயாளிகளைச் சேர்த்து, கெட்டமைனை மின் அதிர்வு சிகிச்சையோடு நேருக்கு நேர் நிறுத்தியது. முன்னேறியவர்கள் கெட்டமைனில் 55.4 சதவீதம், மின் அதிர்வில் 41.2. ஆனால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 2020ல் வெளியிட்ட சிறிய முன்னோட்ட ஆய்வில் மின் அதிர்வு சிகிச்சையின் கைதான் ஓங்கியிருந்தது. அமெரிக்க ஆய்வில் மனப்பிறழ்வு அறிகுறி உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. யாரைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடையும் மாறும். நம் நோயாளிகளுக்கு விடை வேண்டுமென்றால் நம் நோயாளிகளிடம்தான் கேட்க வேண்டும்.

மின் அதிர்வு வார்டில் கெட்டமைன் ஏற்கெனவே வேறு வழியாக நுழைந்திருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மயக்க மருந்தில்லாமல் அந்தச் சிகிச்சை தரக்கூடாது என்கிறது. எந்த மயக்க மருந்து என்று தேடும்போது, அதற்குக் கெட்டமைனையே வைத்தால் இரட்டைப் பலன் உண்டா என்று சில இந்திய மருத்துவமனைகள் பார்த்திருக்கின்றன. ரோத்தக்கில் நடந்த அப்படியோர் ஆய்வு 2019ல் வெளியானது.

இந்தச் சோதனை சேலத்தில் ஏன்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில், தற்கொலை எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு: 19,834 பேர். கிராமங்களில் பூச்சிமருந்து எளிதில் கைக்குக் கிடைப்பது ஒரு காரணம் என்பதால், சில மருந்துகளுக்கு அரசு தடை விதித்துப் பார்த்தது. காப்பாற்றி வார்டில் கிடத்தப்படுகிறவர் உடம்பு தேறி வீடு திரும்புகிறார். எழுதிக்கொடுத்த மாத்திரை வேலை செய்ய வாரங்கள் ஆகும். அந்த வாரங்கள்தான் அபாயமானவை.

பிரான்ஸில் தீவிரத் தற்கொலை எண்ணத்தோடு அனுமதிக்கப்பட்ட 156 பேரிடம், அந்த வாரங்களில் கெட்டமைன் உதவுமா என்று சோதித்தார்கள். இரண்டு முறை கெட்டமைன் ஏற்றியபின், மூன்றாம் நாளில் அந்த எண்ணம் முற்றிலும் அகன்றவர்கள் 63 சதவீதம். சலைன் பக்கம் 31.6. ஆறு வாரத்தில் இந்த இடைவெளி மிகவும் சுருங்கிவிட்டது. நிரந்தரத் தீர்வல்ல, அபாயமான வாரங்களைக் கடக்க ஒரு கைப்பிடி. சீனாவில், கர்ப்பகாலத்தில் லேசான மனச்சோர்வு இருந்த 364 தாய்மார்களுக்கு, குழந்தை பிறந்த உடனே ஒரே ஒரு சிறு அளவு எஸ்கெட்டமைன் கொடுத்தார்கள். 42ஆம் நாளில் பெரும் மனச்சோர்வு வந்தவர்கள் 6.7 சதவீதம். கொடுக்காதவர்களில் 25.4. வேலூர்ப் பெண்களுக்குக் கொடுத்த சிற்றளவை இதோடு சேர்த்து நினைத்தால், இரண்டு கேள்விகளையும் ஒரே பிரசவ வார்டில் கேட்கலாம் என்று தோன்றுகிறதா இல்லையா?

(மனம் தாங்காத நேரத்தில் எந்தச் சோதனைக்கும் காத்திருக்க வேண்டாம். 104, 14416 இரண்டும் தமிழில் பேசும் இலவச எண்கள்.)

தடைகள் இல்லாமல் இல்லை. கெட்டமைனைப் போதைக்கு விற்கிறார்கள். சென்னை வழியாகக் கிழக்காசியாவுக்குக் கடத்தல் நடந்து பிடிபட்ட வழக்குகள் உண்டு. 2011ல் இது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தது, 2013ல் எக்ஸ் அட்டவணைக்கு ஏறியது. இரண்டு பிரதி சீட்டு, பூட்டிய அலமாரி, இரண்டு வருடப் பதிவு எல்லாம் வேண்டும். 2015ல் சீனா உலக அளவிலேயே இறுக்கமான கட்டுப்பாடு கேட்டபோது, ஏழை நாடுகளின் அறுவை அரங்குகள் முடங்கிவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் மறுத்தது. பூட்டு வேண்டியதுதான். தொடர்ந்து எடுத்துக்கொள்பவர்களின் சிறுநீர்ப்பை சுருங்கி ரத்தம் போவதை ஹாங்காங் மருத்துவர்கள் 2007லேயே எழுதினார்கள். ஹாலிவுட் நடிகர் மேத்யூ பெர்ரி 2023 அக்டோபரில் இறந்ததும் இந்த மருந்தால்தான். அதனால்தான் பெருநகரத் தனியார் மையங்களில் 'மூன்று டிரிப்ஸில் மனச்சோர்வு போய்விடும்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வருகிறது. அங்கே ஏற்றுகிறவர்களின் கணக்கு எந்த ஆய்விலும் சேர்வதில்லை, தேறினாலும் தேறாவிட்டாலும்.

பெரிய சோதனை என்றால் வெளிநாட்டுக் காசும் கம்ப்யூட்டர் அறையும் வேண்டும் என்றில்லை. கொரோனா காலத்தில் பிரிட்டன் தன் அரசு மருத்துவமனைகளை ஒன்றாகக் கோத்து, டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய மலிவு மருந்தை 6,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஒப்பிட்டு, 2020 ஜூனிலேயே விடை சொன்னது. தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் மட்டும் நாமக்கல் உட்பட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தன. சேலத்து அரசு மோகன் குமாரமங்கலம் கல்லூரி 1986லிருந்து இருக்கிறது. இத்தனை கல்லூரிகளின் பி.ஜி. மாணவர்கள் ஆளுக்கொரு தீசிஸ் எழுதுவதற்குப் பதில் ஒரே கேள்வியை, ஒரே படிவத்தில், ஒரே குலுக்கலில் கேட்டால் போதும். வீடு திரும்பியவரைத் தொடர்ந்து விசாரிக்க, பி.பி. மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர்கள் பனமரத்துப்பட்டித் தெருக்களிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 2019 மருத்துவச் சோதனை விதிகளின்படி, புழக்கத்தில் உள்ள மருந்தை வேறொரு நோய்க்குக் கல்வி நோக்கில் சோதிக்க, விற்பனை அனுமதிக்காக அல்லாதவரை, டெல்லி அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். எதிக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் போதும். அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாத நோயாளிக்கு ஆய்வில் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பாதியில் விலகிக்கொள்ளலாம், விலகியதற்காக வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக்கூடாது. பாதிப்பு வந்தால் வைத்தியமும் நஷ்டஈடும் தர வேண்டும். 

மீதி இருப்பது ஒரு நிர்வாக வேலை. கெட்டமைன் இருப்பது மயக்கவியல் துறையின் பொறுப்பில், நோயாளி இருப்பது மனநலப் பிரிவில், மனம் சோர்ந்த தாய் இருப்பது பிரசவ வார்டில். மூன்று துறைத் தலைவர்களும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு எதிக்ஸ் கமிட்டிக்கு அனுப்ப வேண்டும். செலவுக்கான தொகையைச் சுகாதாரத் துறை தன் பட்ஜெட்டில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.